அழிப்பின் பெயர்

வீடியோ காமிராவில் டேப் போய் கார்டு வந்ததைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேகம், கொள்ளளவு, விலை என்றே பேசுகிறார்கள். இரண்டையும் தோளில் சுமந்தவன் என்ற முறையில் எனக்கு ஞாபகத்தைப் பற்றிச் சொல்ல இருக்கிறது.

தோளில் வைக்கும் பீடாகாம் காமிராவின் கேஸட் 30 நிமிஷம் ஓடும். தீர்ந்ததும் வெளியே எடுத்து அதன் சிவப்புக் குமிழை அழுத்திவிடுவோம். இனி அதன்மேல் எதுவும் பதியாது. சீட்டு ஒட்டித் தேதி எழுதினால் காரியம் முடிந்தது. நிலையங்களில் பழைய கேஸட்டை அழித்து மறுபடி உபயோகித்ததும் உண்டு. எங்களைப் போன்ற சிறிய டாகுமெண்டரிக்காரர்களிடம் அலமாரிதான் நிறைந்தது. வைத்திருக்க வேண்டும் என்று யாரும் தீர்மானித்ததல்ல. தூக்கிப்போட யாருக்கும் அவகாசமில்லை, அவ்வளவுதான்.

2004ல் பானசோனிக் பி2 கார்டைக் கொண்டுவந்தது. அடுத்த வருஷம் வந்த எச்விஎக்ஸ்200 காமிராவில் மினி டிவி டேப்புக்கு ஒரு அறையும் கார்டுக்கு இரண்டு துளைகளும் இருந்தன. ஆனால் உயர்தெளிவுப் படம் கார்டில் மட்டும்தான் பதியும். முழுத் தரத்தில் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி. 8 ஜிபி கார்டு 8 நிமிஷத்தில் நிறைந்துவிடும். அதன் விலை, சீட்டு ஒட்டி அலமாரியில் வைக்கக்கூடிய விலையல்ல. ராத்திரியோடு ராத்திரியாக ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, கார்டைத் துடைத்து, காலையில் மறுபடி சொருக வேண்டும். 2007ல் சோனியின் எஸ்எக்ஸ்எஸ் கார்டு வந்தபோதும் இதே கதைதான்.

டேப்பில் பதிவது ஒரு செயல். அழிப்பது வேறொரு செயல், பெரும்பாலும் நிகழாமலே போகிற செயல். கார்டில் அழிப்பது பதிவதின் ஒரு பகுதி. அதன் உள்ளமைப்பே அப்படி. மெல்லிய காப்புப் படலத்துக்குள் எலெக்ட்ரான்கள் சிறைப்பட்டுக் கிடக்கின்றன. அவை இருப்பதும் இல்லாததும்தான் படம். எழுதியதன்மேல் நேராக எழுத முடியாது. ஒரு கட்டம் முழுவதையும் துடைத்தபின்தான் அங்கே எழுதலாம். ஒவ்வொரு துடைப்பிலும் படலம் கொஞ்சம் தேய்கிறது. தோஷிபாவில் மாஸுவோகா இதை உருவாக்கி 1984ல் வெளியிட்டார். 'பிளாஷ்' என்ற பெயரைச் சொன்னவர் உடன் வேலைபார்த்த அரியிஸுமி என்பார்கள். எல்லாம் ஒரே வீச்சில் அழிவது அவருக்குக் காமிராவின் பிளாஷ் வெளிச்சத்தை ஞாபகப்படுத்தியதாம். நினைவுக் கருவிக்கு அழிப்பை வைத்துப் பெயர்.

1990களின் கடைசியில் ஒரு தோல்பாவைக் கூத்துக்காரரைப் படம் எடுத்தோம். படத்தில் வந்தது நான்கு நிமிஷம். அவர் காலமானபின் மகன் கேட்டு வந்தார். கேஸட்டைப் போட்டோம். கேள்வி வருவதற்குமுன் கிழவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். தொண்டையைச் செருமுகிறார். பிரேமுக்கு வெளியே இருக்கும் மனைவியிடம் "அடுப்ப அணைச்சியா?" என்கிறார். மகன் பாவைகளைப் பார்க்கவில்லை. அந்த இடத்தைத்தான் மறுபடி மறுபடி ஓட்டச் சொன்னார்.

பத்து வருஷம் கழித்து, கார்டில் பதிந்த ஒரு பாட்டுக்காரி. கார்டு ஒவ்வொரு ஷாட்டையும் தனிக் கோப்பாக்கி, சின்னப் படங்களாக வரிசை கட்டிக் காட்டும். வேண்டாததைத் தேர்ந்தெடுத்து நீக்கலாம். அன்று டிஸ்க்கில் இடம் குறைவு. உபயோகமானவை தங்கின, மற்றவை போயின. அந்த அறையில் யாரும் தவறு செய்யவில்லை; காலையில் கார்டு வேண்டும். பின்னால் அவருடைய மகள் வந்தபோது எங்களிடம் இருந்தவை அம்மா சரியாகச் சொன்ன பதில்கள் மட்டும். இத்தனைக்கும் பொத்தானை அழுத்துவதற்கு முந்திய சில விநாடிகளையும் பிடித்துவைக்கும் வசதி இந்தக் காமிராக்களில் உண்டு. சில விநாடிகளைக் காப்பாற்றும் யந்திரம் அரைமணியைக் காப்பாற்றவில்லை.

டேப்புக்காக ஒப்பாரி வைப்பது என் நோக்கமல்ல. டேப் பூசணம் பிடிக்கும், காந்தப் பூச்சு உதிரும். 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமி வந்தபோது சோனியின் ஒரு டேப் தொழிற்சாலை வெள்ளத்தில் மாட்டி, உலகம் முழுக்க எச்டிகாம் எஸ்ஆர் கேஸட்டுக்குப் பஞ்சம் வந்தது. பீடாகாம் கேஸட் விற்பனையையே அந்த நிறுவனம் 2016ல் நிறுத்திவிட்டது. அலமாரியில் இருப்பதைப் பார்க்க இன்று யந்திரம் தேடி அலைய வேண்டும். கார்டில் சுழலும் பாகம் கிடையாது. அதிர்ச்சியையும் தூசியையும் தாங்கும்.

நம்மிடம் ஓலைச்சுவடி இருந்தவிதமும் இதுதான். ஓலை நிற்கவில்லை, படியெடுத்ததால் பாட்டு நின்றது. படியெடுக்காதது ஆடிப்பெருக்கில் ஆற்றோடு போயிற்று. எது தங்கும் என்று தீர்மானித்தவன், ஏடு எழுதியவனைத் தெரிந்தோ தெரியாமலோ விமர்சனம் செய்தான்.

இன்று அந்த இடத்தில் இருப்பது ராத்திரி கார்டு மாற்றும் பையன். குழுவிலேயே குறைந்த சம்பளம், குறைந்த தூக்கம். இரண்டு டிஸ்க்குகளில் படியெடுத்து, இரண்டும் சரிதானா என்று ஒப்பிட்டபின்தான் துடைக்க வேண்டும் என்று அவனுக்குச் சொல்லித்தருகிறோம். சரி. எது உபயோகமற்றது என்பதை மட்டும் அவனிடம் கேட்காமலே விட்டுவிடுகிறோம், அது ஏதோ யந்திரம் சம்பந்தப்பட்ட விஷயம் போல. கார்டின் விலை இப்போது இறங்கிவிட்டது. துடைக்கிற பழக்கம் இறங்கவில்லை. அடுப்பை அணைத்தாயா என்ற கேள்வி எந்தப் பட்டியலிலும் உபயோகமானதாக வராது.