மூன்று நதிகளின் பிறந்தகம்

யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவனுக்கு ஆறு என்பது பெரும்பாலும் தேசப்படத்தில் வரையும் நீலக்கோடு மாத்திரமே. மாரியில் ஓடிக் கோடையில் மறையும் வழுக்கையாற்றை விட்டால், குடாநாட்டில் ஆறென்று சொல்ல வேறொன்றுமில்லை. சுண்ணாம்புக் கல்லின் கீழே தங்கும் மழைநீரைக் கிணறு வெட்டி எடுத்தே நாம் குடிக்கிறோம்; அதைக் கொண்டே தோட்டத்துக்கும் இறைக்கிறோம். மகாவலி கங்கையின் நீளம் 335 கிலோமீற்றர் என்றும், அது திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கலக்கிறதென்றும் எமது பிள்ளைகள் தவறின்றி ஒப்புவிப்பார்கள். ஆனால், நதியொன்று எங்ஙனம் பிறக்கிறது என்று கேட்டால், 'மலையிலே பிறக்கிறது' என்பதற்கு மேல் அவர்கள் சொல்வதற்கு ஒன்றுமிராது. சொல்லிக்கொடுக்கும் எமக்குந்தான் கண்ணாற் கண்ட அறிவு எவ்வளவு?

மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று கங்கைகளுக்கும் நீர் கொடுக்கும் மேட்டுநிலம் ஒன்று எமது நாட்டில் உண்டு. அதுவே ஹோட்டன் சமவெளி. நுவரெலியாவிலிருந்து விடியுமுன் புறப்பட்டால், அதனைச் சுற்றிப் பார்த்து, அன்று மாலையே தலவாக்கலைப் பக்கத்து அருவிகளையுங் கண்டு திரும்பலாம். 2024ஆம் ஆண்டு மாசி மாதத்தில், நீண்ட வார இறுதி விடுமுறை ஒன்றில், அவ்வாறு சென்று வந்தோம். ஆசிரியர் மூவர், எம்முள் இருவரின் துணைவியர், பத்தாம் வகுப்பிற் கற்கும் மகள் ஒருத்தி, சாரதி ஆக எழுவரே எமது குழுவினர்.

அதிகாலை நான்கரை மணிக்கு வாடகை வான் புறப்பட்டது. காலை உணவுக்குப் புட்டும் சம்பலும், மதியத்துக்குப் புளிச்சாதமும் வாழையிலையிற் கட்டி எடுத்துக்கொண்டோம். இலையிற் கட்டியதன் காரணம் பின்னர் விளங்கும். அம்பேவலை, பட்டிப்பொலை ஆகிய ஊர்களைக் கடந்து ஏறத்தாழ 32 கிலோமீற்றர் செல்ல வேண்டும். வழியெங்கும் கரட், லீக்ஸ், கோவாத் தோட்டங்கள். பனியில் நனைந்த பாத்திகளிடையே அந்நேரத்திலேயே தலையிற் கம்பளி சுற்றிய உழைப்பாளிகள் சிலர் வேலையில் இறங்கியிருந்தனர். சூரியனைக் காணாத எமக்கு அவர்களைக் கண்டபோதுதான் விடிந்துவிட்டது என்ற உணர்வு வந்தது.

நுழைவாயிலிற் பைகளைத் திறந்து காட்டச் சொன்னார்கள். பொலித்தீன் உறைகளைச் சமவெளிக்குள் கொண்டு செல்ல இடமில்லை. எமக்கு முன்னே நின்றவர்களின் சோற்றுப் பொதிகளைப் பிரித்து உறைகளை அகற்றிக்கொண்டிருந்த காவலர், எமது வாழையிலைப் பொதிகளைப் பார்த்துத் தலையசைத்து விட்டுவிட்டார். எமது பாட்டிமாரின் வழக்கம் அன்று எமக்கு அனுமதிச்சீட்டாயிற்று!

வாயிலைக் கடந்ததும் கண்முன் விரிந்த காட்சியை என்னென்பது! கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்திலே, அலையலையாகப் புல்வெளி; அதன் விளிம்புகளிலே கருமை படர்ந்த காடு; வடக்கே தொட்டுப்பொலக் கந்தை, மேற்கே கிரிகல்பொத்தை என்னும் சிகரங்கள். புல்லின் நுனிகளில் வெண்பனி மின்னியது. அப்புல்லிடையே மரைக் கூட்டமொன்று தலைகுனிந்து மேய்ந்துகொண்டிருந்தது. கிளைத்த கொம்புகளையுடைய ஆண் மரை ஒன்று தலை நிமிர்த்தி எம்மைப் பார்த்துவிட்டு, 'இவர்களால் ஆவதொன்றுமில்லை' என்பதுபோல மீண்டும் மேயத் தொடங்கிற்று.

1831 முதல் 1837 வரை இலங்கையின் தேசாதிபதியாயிருந்த சேர் றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரையே இந்நிலம் தாங்கி நிற்கிறது. அதன் பழைய பெயர் மகா எலிய, அஃதாவது பெருவெளி. 3,160 ஹெக்டேயர் பரப்புடைய இவ்வெளி 1988ஆம் ஆண்டிலே தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 2010இல், சிவனொளிபாதமலைக் காட்டோடும் நக்கிள்ஸ் மலைத்தொடரோடும் சேர்த்து உலக மரபுரிமைத் தலமாகவும் ஏற்கப்பட்டது.

உள்ளே சுற்றிவரும் நடைபாதை சுமார் ஒன்பதரைக் கிலோமீற்றர். அதிலே நடக்கும்போதுதான், 'மலையிலே ஆறு பிறக்கிறது' என்னும் பாடம் எமக்குப் பொருள் விளங்கிற்று. இங்குள்ள மரங்கள் உயர்ந்து வளர்வதில்லை. காற்றுக்கு வளைந்து, குடைபோலக் கவிந்து, அடி முதல் நுனி வரை பாசி போர்த்து நிற்கின்றன. மலையைத் தழுவிச் செல்லும் முகிலை அம்மரங்களின் இலையும் பாசியும் வடித்தெடுக்கின்றன. மழை பெய்யாத நாளிலும் மரத்தடியிலே துளி சொட்டிக்கொண்டிருந்தது. விழுந்த நீரைக் கரிய மண் பஞ்சுபோல உறிஞ்சிச் சிறுகச் சிறுகக் கசியவிடுகிறது. புல்வெளியின் பள்ளத்தில், குட்டை மூங்கிற் புதர்களிடையே, விரலளவு அகலத்தில் நீர் கசிந்தோடியது. எமது மாணவி அதன் மேல் ஒரு காலும் அப்பாலொரு காலும் வைத்து நின்று, "மாமா, நான் ஆற்றைத் தாண்டிவிட்டேன்" என்று சிரித்தாள்.

பாதையோரத்திலே நெலுச் செடிகள் அடர்ந்திருந்தன. 12 ஆண்டுகளுக்கு ஒரு முறை கூட்டமாகப் பூத்துப் பின் மடியும் இச்செடி, எமது இலக்கியம் போற்றும் குறிஞ்சியின் நெருங்கிய உறவு. 2013இல் இச்சமவெளியில் அது பூத்ததைக் காண மக்கள் திரண்டனர். நாம் சென்றது பூவில்லாத காலம். எனினும், குறிஞ்சித் திணையை வகுப்பறையில் மாத்திரமே கற்பித்த எமது தமிழாசிரிய நண்பர், அவ்விலையொன்றைப் பறிக்காமலே நெடுநேரம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காலை எட்டரை மணிக்கு 'உலக முடிவு' என்னும் இடத்தை அடைந்தோம். அங்கே நிலம் திடீரென முடிந்துவிடுகிறது. ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தான பள்ளம்! ஒன்பது, பத்து மணிக்குப் பின் சென்றால், கீழிருந்து எழும் மூடுபனி யாவற்றையும் மறைத்துவிடும். எமக்குக் கால் மணி நேரம் காட்சி கிடைத்தது. நேர் கீழே தேயிலைத் தோட்டமொன்றும், தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல லயன் வரிசைகளும் தெரிந்தன. மலையகத் தோட்டமொன்றிற் பிறந்தவரான எமது சாரதி, "ஐயா, நீங்க மேலேயிருந்து பார்க்கிறீங்க. எங்க ஆளுங்க கீழேயிருந்து தினமும் இந்த மலையைத்தான் பார்ப்பாங்க. மழை வருமா வராதான்னு மலைதான் சொல்லும்" என்றார்.

அவர் சொல் எம்மைச் சிந்திக்க வைத்தது. ஒரு காலத்தில் இம்மலைநாடு முழுவதும் காடாகவே இருந்தது. 19ஆம் நூற்றாண்டிலே கோப்பிக்காகக் காடுகளை அழித்தார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை வீழ்த்த, தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. அக்காட்டை வெட்டவும் தோட்டத்தை வளர்க்கவும் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்களே இன்று அங்கு கொழுந்தெடுக்கிறார்கள். அவர்களுள் பலர் இன்றும் பழைய லயன் அறைகளிலேயே வாழ்கின்றனர். ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடலாகாதென்று தாவர அறிஞர் ஜோசப் ஹூக்கர் ஆலோசனை கூற, 1873இல் அதனைத் தடுத்து ஆணை பிறந்தது. அவ்வாணை இல்லையேல், ஹோட்டன் சமவெளியைச் சூழ்ந்த காடும் அன்றே கோடரிக்கு இரையாகியிருக்கக்கூடும். முகிலைப் பிடித்து நதிகளுக்கு நீரூட்ட இன்று மரமேது?

அங்கிருந்து திரும்பும் வழியிலே பேக்கர் நீர்வீழ்ச்சி. பெலிகுல் ஓயா சுமார் 20 மீற்றர் உயரத்திலிருந்து கரும்பாறையின் மேல் வெள்ளைத் துகிலாக விரிந்து விழுகிறது. இந்நீர்தான் பின்னர் வளவை கங்கையைச் சேர்ந்து தெற்கே வயல்களுக்குப் பாய்கிறது. நீர்வீழ்ச்சிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கர், 1848 அளவில் நுவரெலியாவிலே குடியேறிய ஆங்கிலேயர். பெரும் வேட்டைப் பிரியர். வேட்டை நாய்களுடன் இவ்வெளிகளில் மரைகளைத் துரத்தியவர் அவர். அக்காலத்தில் இங்கே யானைகளும் திரிந்தன. இன்று இம்மேட்டுநிலத்தில் யானை ஒன்றேனும் இல்லை.

எஞ்சியிருப்பனவற்றுள் உலகில் வேறெங்குமே இல்லாதவை பல. மூக்கின் நுனியிற் கொம்பு முளைத்த ஓணான் ஒன்றைக் கிளையிலே கண்டோம். மஞ்சட் காதுக் கொண்டைக்குருவியின் குரல் வழியெங்கும் தொடர்ந்தது. அடர்ந்த உரோமம் போர்த்த மலைமந்திகள் மரத்துக்கு மரம் பாய்ந்தன. இரவிலே நடமாடும் செந்நிறத் தேவாங்கினம் ஒன்றும் இங்கு வாழ்கிறது. அது அற்றுப்போய்விட்டதென்றே பல்லாண்டுகள் கருதப்பட்டது. 2010ஆம் ஆண்டிலேதான் அதன் ஒளிப்படம் முதன்முறையாக வெளியாகி அறிஞர்களை மகிழ்வித்தது. சிறுத்தைகளும் உண்டு, அவை எம் கண்ணிற் படவில்லை.

நண்பகலில் வாகனத் தரிப்பிடத்துக்கு மீண்டபோது கண்ட காட்சி வேறு. பெரிய மரையொன்று அங்கே ஒவ்வொரு வாகனத்தின் சாளரத்திலும் முகத்தை நுழைத்துக்கொண்டு நின்றது. உணவு கொடுக்க வேண்டாமென்ற அறிவித்தற் பலகையின் அடியிலேயே, ஒரு குடும்பத்தினர் அதற்கு விசுக்கோத்து ஊட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தனர்.

"மாமா, இது ஏன் மற்ற மரைகளைப் போலப் புல் மேயாமல் இங்கே நிற்கிறது?" என்று மாணவி கேட்டாள்.

"பிள்ளை, இதை நாங்கள்தான் பிச்சைக்குப் பழக்கினோம்" என்றார் விலங்கியல் ஆசிரியரான நண்பர். உப்பும் இனிப்பும் படிந்த உறையையும் சேர்த்தே மரை விழுங்கிவிடும் என்றும், அது வயிற்றிற் சிக்கி மரைகள் இறந்ததுண்டு என்றும் விளக்கினார். அருகில் நின்று கேட்ட அக்குடும்பத்தின் தகப்பனார், மீதி விசுக்கோத்தைப் பையில் வைத்துக்கொண்டு, கீழே கிடந்த உறையையும் பொறுக்கினார். பேக்கரின் காலத்தில் துப்பாக்கியும் வேட்டை நாயும் செய்ததை இக்காலத்தில் அன்பும் விசுக்கோத்தும் செய்கின்றன! கொல்ல வேண்டுமென்ற எண்ணம் அத்தகப்பனார்க்குச் சிறிதும் இல்லை, அறியாமையே இருந்தது. அறிந்ததும் கையை மடக்கிக்கொண்டார் என்பதே எமக்கு ஆறுதல்.

உணவருந்தியபின் தலவாக்கலைக்குச் சென்றோம். ஹோட்டன் சமவெளியிற் பிறக்கும் ஆக்ரா ஓயாவும் வேறு ஓடைகளும் கூடிக் கொத்மலை ஓயாவாகி, மகாவலியை நோக்கி இவ்வழியே செல்கின்றன. தேயிலை மலைகளிடையே 97 மீற்றர் உயரத்திலிருந்து நூலிழைபோல விழும் டெவன் நீர்வீழ்ச்சியும், 80 மீற்றர் உயரமும் பெரும் அகலமுமுடைய சென்கிளையர் நீர்வீழ்ச்சியும் அருகருகே இருக்கின்றன. சென்கிளையரில் முன்னாளைய பேரொலி இல்லை. 2012இல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை மின்திட்டத்துக்காக நீர் திருப்பப்படுகிறது. அருவி முற்றாக வறளாதிருக்கப் பகல் வேளையில் ஓரளவு நீர் விடுகின்றனர். 150 மெகாவாற்று மின் தரும் ஆற்றலுடையது அத்திட்டம். அம்மின்சாரத்தில் எரியும் விளக்கின் கீழே படிக்கும் நாம் அருவியின் அழகு குறைந்ததென்று குறைகூறுவது எவ்வளவு பொருந்தும்? நாம் எழுவரும் இதுபற்றி வாதித்தோம். ஒரு முடிவுக்கு வரவில்லை. ஆயினும் ஒன்றை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம்: அருவிக்கும் அணைக்கும் நீர் வேண்டுமாயின், மேலே அக்காடு நிலைக்க வேண்டும்.

அக்காடு இன்று நலமாக இல்லை. கீனா முதலிய மரங்கள் நின்ற நிலையிலேயே பட்டுப்போவதைப் பல இடங்களிற் கண்டோம். ஐரோப்பாவிலிருந்து வந்த மஞ்சட்பூ முட்செடி புல்வெளியைப் பிடித்து வருகிறது. நாம் சென்று வந்த மறு ஆண்டிலே, 2025 நவம்பரில், டித்வா சூறாவளியின் பெருமழையால் மலைநாட்டின் பல பகுதிகளில் மண் சரிந்து நூற்றுக்கணக்கானோர் மாண்ட துயரை நாடறியும். அத்தகைய பேய்மழைக்கு முன்னே காடுந்தான் சில வேளை தோற்கும். எனினும், வேர்கள் பிணைத்த மண் வெறும் மண்ணைப்போல எளிதிற் பெயர்வதில்லை.

ஆகவே, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளைகளைச் சிறு குழுவாக அங்கு அழைத்துச் செல்லுங்கள். தை, மாசி, பங்குனி மாதங்கள் தகுந்தவை. புறப்படுமுன் பாதையின் நிலையை விசாரித்தறியுங்கள். கம்பளியாடையும் உறுதியான காலணியும் கொண்டு செல்லுங்கள். உணவை இலையிற் கட்டுங்கள். விலங்குக்கு ஒரு துண்டும் கொடாதிருங்கள். அப்பிள்ளை அடுத்த முறை தேசப்படத்திலே மகாவலிக்கு நீலக்கோடு வரையும்போது, அக்கோட்டின் தொடக்கத்திலே பாசி போர்த்த மரமொன்றும், அதிலிருந்து சொட்டும் துளியும் அதன் நினைவுக்கு வரும். அந்நினைவோடு வளரும் பிள்ளையின் கையில் அக்காட்டை நம்பி ஒப்படைக்கலாம்.