விமானியின் உடுப்பு

"ஆள் பாதி, ஆடை பாதி" என்னும் பழமொழியை நாம் பெரும்பாலும் அலங்காரத்தைக் குறித்தே வழங்குகிறோம். விமானம் ஓட்டுவோர்க்கோ அது உயிரைக் குறித்த மொழியாகும். திருவண்ணாமலையில் வசிக்கும் என் தமக்கையின் மகன் விமானப் பயிற்சிக்குப் புறப்பட்டபோது, நிலத்தை விற்றுக் கட்டணம் செலுத்திய அக்குடும்பத்தில் உடுப்புக்கென எஞ்சியது சொற்பத் தொகையே. "மாமா, இதைக்கொண்டு எதை முதலில் வாங்குவது?" என்று வினவினான். அதன்பொருட்டு யான் ஆராய்ந்தறிந்தவற்றை, அவனையொத்த வாலிபர்க்கும் பயன்படுமென்று ஈண்டு எழுதலானேன்.

1936-ஆம் ஆண்டில் சரளா தக்ரால் அம்மையார் புடைவையுடனேயே ஜிப்ஸி மாத் விமானத்தைத் தனியே ஓட்டிப் புகழ்பெற்றார். அத்தகைய திறந்த விமானங்களில் காற்றையும் குளிரையும் தடுக்கவே தோற்சட்டை வேண்டியிருந்தது. இக்காலத்துப் பயிற்சி விமானங்கள் பெரும்பாலும் மூடியவை. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 டிகிரியே குறையும். ஆகையால் நம் நாட்டு வெயிலில் கனத்த தோலுடுப்பு வியர்வையும் சோர்வும் தருமேயன்றி வேறு பயன் தராது. அஞ்சத்தக்கது குளிரன்று, நெருப்பே.

கார்த்திகைத் தீபத்தன்று நம் மலையுச்சிக் கொப்பரையில் நெய் தோய்ந்த காடாத்துணி விடாது எரிவதைக் கண்டிருக்கிறோம். பருத்தி எரியும், ஆயினும் உருகாது. பாலியெஸ்டரோ ஏறத்தாழ 260 டிகிரி செல்ஷியஸில் உருகித் தோலில் ஒட்டிக்கொண்டு புண்ணை ஆழமாக்கும். நைலானும் அத்தன்மையதே. எனவே உடுப்பின் விலையைக் கேட்குமுன் அதன் நூலைக் கேட்டல் வேண்டும்.

கைப்பொருள் சிறிதாயின், முழுக்கைப் பருத்திச் சட்டை, தடித்த பருத்திக் காற்சட்டை, பருத்திப் பனியன், பருத்திக் காலுறை, தோற்காலணி ஆகியவை போதும். தையற்காரரிடம் பருத்தி நூலாலேயே தைக்கச் சொல்லுக; செயற்கை நூல் உருகின் தையல் பிரிந்துவிடும். சற்றுத் தளர்வாகவும் தைக்கச் சொல்லுக. துணிக்கும் உடலுக்கும் இடையே நிற்கும் காற்றும் ஒரு கவசமே. எண்ணெயோ பெட்ரோலோ பட்ட உடுப்பைத் துவையாமல் அணிதல் ஆகாது. அது கொப்பரைத் திரிக்கு ஒப்பாகும்.

நடுத்தர வசதியுள்ளோர், தீயெளிதிற் பற்றாவண்ணம் மருந்தூட்டப்பெற்ற பருத்தி மேலுடுப்பை வாங்கலாம். அதனைத் துவைக்கும் முறையைத் தயாரிப்பாளர் குறித்தவாறே கைக்கொள்ளல் வேண்டும். செல்வமுடையோர்க்கு, டூபாண்ட் கம்பெனியார் 1960-களில் வெளிக்கொணர்ந்த நோமெக்ஸ் உடுப்பு உண்டு. அந்நூல் உருகுவதில்லை; சுடர் அகன்றதும் தானே அணைந்து கரியாகும். அக்குணம் நூலிலேயே உள்ளதாதலின் துவைப்பதால் நீங்காது. பழைய இராணுவ உடுப்பாகக் குறைந்த விலைக்குக் கிடைப்பின், கிழிசலும் எண்ணெய்க் கறையும் உளவோவென்று நோக்கி வாங்குக. எத்துணை விலையுயர்ந்த மேலுடுப்பாயினும், உள்ளே நைலான் பனியன் அணிந்தால் அதன் பயன் பெரிதும் கெடும்.

பணம் சிறுகச் சிறுகச் சேருமாயின், முதலில் உள்ளுடை, அடுத்துக் கையுறை, பின்னரே மேலுடுப்பு என்பது என் துணிபு. ஆபத்து வேளையில் இடைவாரை அவிழ்ப்பதும் கதவைத் திறப்பதும் கைகளே. அவை வெந்துபோயின் மற்றெல்லாம் வீணாம். எவ்வுடுப்பும் நெருப்பை வெல்வதன்று. வெளியேறுதற்குச் சில விநாடிகளையே அளிக்கும். செல்வர் அவ்விநாடிகளைச் சற்று மிகுதியாக வாங்குகின்றனர். ஏழை விமானியோ துணியறிந்து வாங்கினால், தன் பங்கை இழவாதிருப்பான்.