பஞ்சடைத்த சூனியக்காரி

அமெரிக்காவில் என் மகள் இல்லத்தில் தங்கியிருந்த காலத்தில், அண்டை வீட்டு மூதாட்டியார் தம் பேத்திக்கென ஒரு பொம்மை பின்னக் கண்டேன். அது சூனியக்காரியின் உருவம்; ஆண்டுதோறும் அக்டோபர் 31ஆம் நாள் அங்குக் கொண்டாடப்பெறும் ஹாலோவீன் விழாவிற்கு உரியது.

இரண்டு ஊசிகளும் கம்பளி நூலுமே கருவிகள். பஞ்சு வெளியே தெரியாதபடி கண்ணிகளை நெருக்கமாகப் பின்னினார். தொப்பிக்கு வரவரக் கண்ணிகளைக் குறைத்தார். அது கூம்பாய் முடிந்தது. துண்டுகளை இணைத்துத் தைத்துப் பஞ்சடைத்தார். குழந்தை பிய்த்து விழுங்கிவிடலாகாது என்று, கண்களுக்குப் பொத்தான் வையாமல் கரிய நூலாலேயே தைத்தார். அருகிருந்து யாவும் கண்ட பேத்தி, அதனைச் சிரிப்போடு அணைத்துக்கொண்டாள்.

என் உள்ளமோ பழைய வரலாற்றை எண்ணியது. அந்நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், சேலம் என்னும் ஊரில், சூனியம் செய்தனர் என்று பழிசுமத்தி 1692ஆம் ஆண்டில் 19 பேரைத் தூக்கிலிட்டனர். முதியவர் ஒருவர் கற்களின் சுமையால் நசுக்கப்பட்டு இறந்தார். பிறர் கண்ணுக்குப் புலப்படாத ஆவியுருக்கள் தம்மை வருத்தின என்று சிலர் கூறியதும் சான்றாகக் கொள்ளப்பட்டது. குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டோருள் இறுதியாக எஞ்சிய பெண்ணின் பழி, 2022ஆம் ஆண்டிலேதான் சட்டத்தால் நீங்கிற்று.

உள்ளிருப்பது பஞ்சே என்று கண்டறிந்த குழந்தைக்கு அச்சம் இல்லை. ஆராயாத பெரியோரோ அச்சத்தால் கொலையும் செய்தனர். மாணவர்களே, ஊரார் ஒருவரைப் பழிக்கும்போது, அப்பழியின் உள்ளே இருப்பது யாதென ஆராய்ந்து பார்த்தல் உங்கள் கடமையாகும்.