கணக்கில் வராத காற்று

பெட்ரோலும் மின்சாரமும் மாறி மாறி இழுக்கும் ஹைபிரிட் காரில், வண்டி நின்றால் பெரும்பாலும் என்ஜினும் தானாக அணைந்துவிடும். அதனால் ஐடிலிங்கில் வரும் குலுக்கலையும் 'உஸ்' சத்தத்தையும் இன்னொருவருக்குக் காட்டுவது கடினம். என் காரிலும் இதுதான் நடந்தது. ஒர்க்‌ஷாப்பில் பானட்டைத் திறந்ததும் என்ஜின் அடங்கிப்போனது. "உங்களுக்கு அப்படித் தோணுது மேடம். சார் ஓட்டிப் பார்த்தாரா?" என்றார்கள். வலியோடு மருத்துவரிடம் போகும் பெண்கள் பலருக்கும் பழக்கமான பதில் இது.

உள்ளே போகும் காற்றை ஒரு சென்சார் அளக்கிறது. அதற்கேற்ற பெட்ரோலைக் காரின் கணினி விடுகிறது. சென்சாருக்கு அப்பால் ரப்பர் ஹோஸில் கீறல் விழுந்தால், அளக்கப்படாத காற்று புகுந்துவிடும். ஈடுகட்டக் கணினி பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போகும். அந்தக் கூடுதல் அளவுக்கு ஃப்யூயல் ட்ரிம் என்று பெயர்.

இதையெல்லாம் படித்துக்கொண்டு வேறொரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "என்ஜின் நிற்காம ஓடுற மெயின்டனன்ஸ் மோடுல போடுங்க தம்பி" என்றேன். ஐடிலிங்கில் ட்ரிம் 19 சதவீதம் காட்டியது. 2500 ஆர்பிஎம்முக்கு ஏற்றியதும் 4 ஆக இறங்கியது. ஐடிலிங்கில் என்ஜின் இழுக்கும் காற்று குறைவு. கசிவின் பங்கு அதில் பெரிதாகத் தெரியும். வேகம் கூடினால் அது கரைந்துவிடும். பிறகு என்ஜினை அணைத்து, காற்றுக் குழாய்க்குள் புகையைச் செலுத்தினார்கள். அடியிலிருந்த ஹோஸிலிருந்து மெல்லிய இழையாகப் புகை வந்தது. மாற்ற வேண்டியிருந்தது ஒரு சாண் ரப்பர்தான்.

எங்கள் விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில், சூளையிலிருந்து வந்த கோப்பையை விரலால் தட்டியே விரிசலைச் சொல்லிவிடும் பெண்கள் உண்டு. அந்தக் காதை யாரும் சந்தேகிப்பதில்லை. திறமை என்று கூலியில் சேர்ப்பதும் இல்லை.

1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல் இரு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குக் கார் ஓட்டிப் போனார். வழியில் அடைத்துக்கொண்ட எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். காரின் முதல் நெடும்பயணத்திலேயே பழுது பார்த்தவர் ஒரு பெண்.

19 என்ற எண் திரையில் வந்த பிறகே என் காதை நம்பினார்கள். ஆகவே மாணவிகளிடம் சொல்கிறேன்: பிரமை என்று யாராவது சொன்னால், அளந்து காட்டச் சொல்லுங்கள். அளக்கக் கருவியே இல்லாத வலியோடு வருகிறவளை, அவள் சொல்லை வைத்தே நம்புங்கள்.