சாங்கிச் சுவரில் ஐந்து ஓவியங்கள்

ஜொகூர் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் தேக்காவோடு திரும்பிவிடுவார்கள். பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளுடன் போன நான் இன்னும் கொஞ்ச தூரம் போனேன். தானா மேராவில் ரயிலை விட்டு இறங்கி 2ஆம் எண் பேருந்தில் ஏறினால் சாங்கி அருங்காட்சியகம் வந்துவிடும். நான் சொல்லப்போகும் ஓவியங்கள் இருப்பது அங்கே அல்ல. இராணுவ முகாமுக்குள் இருக்கும் 151ஆம் கட்டடத்தில். நினைத்தவுடன் போய்ப் பார்க்க முடியாது. அவற்றின் கதையாவது தெரியட்டுமே என்றுதான் பிள்ளைகளை அழைத்துப் போனேன்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. சிறைப்பட்ட பிரிட்டிஷ் வீரர்களில் ஸ்டான்லி வாரன் ஒருவர். போருக்கு முன் சினிமா விளம்பரப் படங்கள் வரைந்தவர். கடுமையான வயிற்றுக்கடுப்போடு அந்தக் கட்டடத்தில் இருந்த கைதிகளின் மருத்துவமனையில் கிடந்தார். கீழ்த்தளத்தில் சிறு தேவாலயம். அதன் சுவர்களில் படம் வரைய முடியுமா என்று கேட்டார்கள்.

வர்ணத்துக்கு எங்கே போவது? இராணுவ வண்டிகளுக்குப் பூசும் பழுப்புச் சாயம், கொஞ்சம் வெள்ளை, துளி சிவப்பு, இவ்வளவுதான் தேறியது. நீலத்துக்கு பில்லியர்ட்ஸ் சாக்குக்கட்டி. துரைமார் கிளப்பில் கோலால் பந்து தள்ளி ஆடுவார்களே, அந்தக் கோல் நுனியில் தேய்க்கும் கட்டிதான். நிற்கவே தெம்பில்லாத மனிதர் சிறிது நேரம் வரைவதும் படுப்பதுமாக, 1942 கிறிஸ்துமஸுக்குள் யேசு பிறப்பை வரைந்து முடித்தார். 1943இல் ஐந்து படங்களும் முடிந்தன.

பிறப்பைக் காண வந்த மூன்று ஞானிகளில் ஒருவர் மத்திய கிழக்குக்காரர், ஒருவர் சீனர், ஒருவர் வெள்ளையர். "நம்ம ஆளு இல்லையா தாத்தா?" என்று பேத்தி கேட்டாள். நான் என்ன சொல்ல!

என்னைப் பிடித்து நிறுத்தியது சிலுவைப் படத்தின் கதை. ஆணி அறைகிறவர்களை ரோமானியச் சிப்பாய்களாக அவர் வரையவில்லை. கோவணம் கட்டிய அடிமைகளாக வரைந்தார். அன்று கைதிகள் கட்டியிருந்ததும் அதே கோவணம்தான். காவல்காரன் மீது கோபம் இருந்திருக்காதா? இருந்தும் அவன் முகத்தை அங்கே வரையவில்லை.

பின்னர் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டார்கள். ஒரு படத்தின் கீழ்ப்பகுதி கதவு வைப்பதற்காக இடிபட்டது. 1958இல்தான் படங்கள் மறுபடி கண்ணில் பட்டன. இலண்டனில் ஓவிய ஆசிரியராக இருந்த வாரனைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டால், அவர் முதலில் வர மறுத்தார். அந்த நாள்களை மறக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தவர் அவர். பிறகு மனம் மாறி 1963, 1982, 1988 என மூன்று முறை வந்து சீர்செய்து கொடுத்தார். 1992இல் காலமானார்.

அவர் நோயில் கிடந்தபோது அவருடைய கூட்டத்தாரைச் சயாம் ரயில் பாதைக்கு அனுப்பினார்கள். பலர் திரும்பவில்லை. அதே 415 கிலோமீட்டர் பாதைக்குத்தான் நம் தோட்டங்களிலிருந்தும் பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள். என் பெரியப்பாவும் போனார்.

அவருக்குப் படம் ஏது? தீபாவளிப் படையலில் அப்பாயி புது வேட்டி ஒன்றை மடித்து வைப்பார். யாருக்கு என்று கேட்டால், "கோவணத்தோட நிக்கிறானாம்டா, கனவுல வந்தான்" என்பார்.

பேருந்தில் திரும்பும்போது பேத்தியிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன்.