‘காசு கொடுத்து யாருடா கேம் வாங்குவாங்க?’

மலைக்கோட்டைப் பக்கம் 2000-களில் வளர்ந்த பையன்களில் ‘வைஸ் சிட்டி’ தெரியாதவன் கிடையாது. அதன் ஒரிஜினல் சி.டி.யைக் கண்ணால் பார்த்தவனும் எனக்குத் தெரிந்து கிடையாது. பிரவுசிங் சென்டரில் ஆடுவார்கள். இல்லையென்றால் யாரோ ஒரு அண்ணன் பென் டிரைவில் ஏற்றித் தருவார். அது திருட்டு என்று யாரும் நினைத்ததுகூட இல்லை.

ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் சித்தி பையன் இப்போது இன்ஜினீயரிங் கடைசி வருஷம். ஒரு வருஷமாக ராத்திரி கண்விழித்து ஒரு மொபைல் கேம் செய்கிறான். “49 ரூபா வைக்கலாமாக்கா?” என்று கேட்டான். நான் வாய் திறப்பதற்குள் சித்தி முந்திக்கொண்டார்: “காசு கொடுத்து யாருடா கேம் வாங்குவாங்க?”

சித்தி கேட்டதில் நியாயம் இருக்கிறது. ‘பெரிய கம்பெனிக்கு ஒரு காப்பி போனால் என்ன?’ என்பதுதான் நம்முடைய பழைய சமாதானம். ‘ஜி.டி.ஏ. 5’ உலகம் முழுக்க 20 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. அவர்கள் தாங்குவார்கள். சின்னவர்கள்?

2013-ல் ‘கேம் டெவ் டைகூன்’ என்ற கேமை உருவாக்கிய இரண்டு சகோதரர்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். வெளியான நாளிலேயே அதன் கிராக் பிரதியை அவர்களே டோரண்டில் போட்டார்கள். முதல் நாள் முடிவில் ஆடிய 3,318 பேரில் காசு கொடுத்தவர்கள் வெறும் 214 பேர்! அந்தக் கேமில் நாம் ஒரு கேம் கம்பெனி நடத்த வேண்டும். கிராக் பிரதியில் மட்டும், திருட்டு காப்பியாலேயே கம்பெனி திவாலாகிவிடும். இலவசமாக இறக்கியவர்களே, ‘எல்லோரும் திருடினால் நான் எப்படிப் பிழைப்பது?’ என்று புலம்பியதுதான் உச்சம்.

நம் நாட்டில் சின்னக் குழுக்கள் படும் பாட்டுக்கு, புனேயின் ‘நாடிங் ஹெட்ஸ் கேம்ஸ்’ உதாரணம். தம்பியைத் தேடிப் போகும் அக்காவின் கதையான ‘ராஜி’க்கு 2017-ல் கிக்ஸ்டார்ட்டரில் நிதி கேட்டார்கள். இலக்கை எட்ட முடியவில்லை. ஆனாலும் விடாமல் உழைத்து 2020-ல் வெளியிட்டார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு, விற்கும் ஒவ்வொரு பிரதியும் அடுத்த மாதச் சம்பளம்.

சட்டமும் இருக்கிறது. திருட்டு சாஃப்ட்வேர் என்று தெரிந்தே பயன்படுத்தினால், 1957-ம் வருட காப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவின்படி 3 வருஷம் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால், சட்டத்தைவிட அதிகம் உதவுவது வசதிதான். இன்று ‘ஸ்டீம்’ தளத்தில் விலை ரூபாயிலேயே இருக்கிறது. யு.பி.ஐ.யில் கட்டலாம், தள்ளுபடிக்குக் காத்திருக்கலாம். காசே இல்லையா, முறைப்படி இலவசமாகக் கிடைக்கும் கேம்கள் ஏராளம். கண்ட இடத்தில் ‘மாட் ஏபிகே’ இறக்கி, பேங்க் ஆப் இருக்கும் அதே போனில் வைரஸை விருந்துக்கு அழைக்க வேண்டியதில்லை.

அடுத்த முறை உங்கள் வீட்டுப் பிள்ளை கேம் வாங்கக் காசு கேட்டால், தருவதும் தராததும் உங்கள் விருப்பம். ‘ஃப்ரீயா எங்கேயாவது இறக்கிக்கோ’ என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை உருவாக்கியவரும் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளைதான்.