ரத்தத்தில் ஓடுகிறதா?

1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரே பிரசவத்தில் நாலு பெண் குழந்தைகள் பிறந்தன. நாலும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவை. அச்சில் வார்த்தாற்போல ஒரே ஜாடை. இருபத்தைந்து வயதுக்குள் நாலு பேருக்கும் சித்தம் கலங்கிவிட்டது. டாக்டர்கள் அவர்களுக்கு ஜெனேன் சகோதரிகள் என்று புனைபெயர் சூட்டி, 1950-களில் பெதஸ்டாவிலுள்ள அரசாங்க மனநல ஆராய்ச்சிக் கழகத்தில் வருஷக்கணக்காக வைத்துக் கவனித்தார்கள். டேவிட் ரோஸன்தால் 1963-இல் இவர்களைப் பற்றிப் பெரிய புத்தகமே வெளியிட்டார்.

"பார்த்தீரா, எல்லாம் ரத்தத்தில் வருவது" என்று சொல்லத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். மைரா என்று அழைக்கப்பட்டவள் கல்யாணம் செய்துகொண்டு பிள்ளைகளை வளர்த்தாள். ஹெஸ்டரோ தேறவே இல்லை. வீட்டில் பெற்றோர் இருவரை உயர்த்தியும் இருவரைத் தாழ்த்தியும் நடத்தினார்களாம், ஹெஸ்டர் தாழ்த்தப்பட்டவள். நாவல் எழுதுகிறவனுக்கு நோயைவிட இந்த வித்தியாசந்தான் பெரிதாகப் படுகிறது.

நான் இதையெல்லாம் படிக்கப் புகுந்ததற்குக் காரணம் எங்கள் தெருவில் முறிந்துபோன ஒரு சம்பந்தம். பெண்ணின் சித்தப்பாவுக்கு இருபத்திரண்டு வயதில் வந்த ஸ்கிஸோஃப்ரினியா. இப்போது மாத்திரையில் அடங்கியிருக்கிறது. ரேழியில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். பெண் பார்க்க வந்த அன்று அவரைக் கொல்லைப்புற அறையில் இருக்கச் சொன்னார்கள். எப்படியோ விஷயம் கசிந்தது. பஜ்ஜி, சொஜ்ஜி சாப்பிட்டுப் போனவர்கள், "வம்சத்தில் கோளாறு" என்று சொல்லியனுப்பிவிட்டார்கள்.

"நீங்கள் நாலு விஷயம் படிக்கிறவர். என் பெண்ணுக்கும் வருமா, ஸார்?" என்றார் தகப்பனார். டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி. ஆனால் அங்கே போவதையும் தெரு பார்க்குமே!

மூளையில் ஓர் இடம் பழுதாவதல்ல, இடங்களுக்கு நடுவே உள்ள தொடர்பு அறுவதுதான் இந்தக் கோளாறு என்று 1900-ஐ ஒட்டியே ஜெர்மனியில் கார்ல் வெர்னிக்கே ஊகித்தார். ஸூரிச் டாக்டர் ப்ளாய்லர் 1908-இல் 'பிளவுண்ட மனம்' என்ற பொருளில் நோய்க்குப் பெயர் வைத்தார். அவர்களுக்கு அது ஊகம். இன்று எம்.ஆர்.ஐ. இயந்திரத்தில் நரம்பிழைகளின் ஊடே நீர் எப்படி நகர்கிறது என்று பார்த்து வழிகளைப் படமாக்குகிறார்கள். 2018-இல் நோயாளிகளும் நோயில்லாதவர்களுமாக 4,322 பேருடைய படங்களை ஒப்பிட்டதில், நோயாளிகளின் இழைகள் மூளையின் பல பகுதிகளில் சராசரியாகச் சற்று நைந்திருந்தன. 'சராசரியாக' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. ஒருவருடைய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு இவருக்கு நோய் வரும், வராது என்று சொல்லிவிட முடியாது.

பரம்பரைச் சங்கதியும் இப்படித்தான். 2022-இல் வந்த ஆராய்ச்சி இந்நோயோடு சம்பந்தப்பட்ட 287 இடங்களை மரபணுக்களில் காட்டியது. ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை. மாப்பிள்ளை வீட்டாரின் ரத்தத்திலும் நாலைந்து சிட்டிகையாவது இல்லாமல் போகாது. சி4 என்ற மரபணுவைப் பற்றி 2016-இல் சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. வாலிபப் பருவத்தில் மூளை வேண்டாத இணைப்புகளை மல்லிகைக் கொடியைக் கத்தரிப்பதுபோலக் கத்தரிக்கிறது. அந்த மரபணு மிகையானால் கத்தரி அளவுமீறிப் போகிறது போலும். நோய் தலைகாட்டும் பருவமும் கல்யாணம் பேசும் பருவமும் ஒன்றாய் அமைந்தது விதியின் குரூரம்.

தகப்பனாரிடம் கணக்கைச் சொன்னேன். யாருக்கும் வரக்கூடியது நூற்றுக்கு ஒன்று. தாய் அல்லது தகப்பனுக்கு இருந்தால் பத்து. ஒரே கருவில் பிறந்த இரட்டையருக்குக்கூடப் பாதிக்குக் குறைவு. சித்தப்பாவுக்கு இருந்தால் மூன்று, நாலு.

அவர் யோசித்தார். "அந்த நாலில் இவள் ஒருத்தியாக இருந்தால்?"

நியாயமான கேள்வி. தொண்ணூற்றாறைக் காட்டி ஒரு தகப்பனைத் தேற்ற முடியாது. காப்பி கொண்டுவந்த பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது.

"அடுத்த தடவை வருகிறவர்களுக்குச் சித்தப்பாவை முதலில் காட்டிவிடுங்கள், அப்பா. பஜ்ஜியாவது மிச்சமாகும்" என்றாள்.

அவர் சிரிக்கவில்லை. ரேழிப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் காப்பியை எடுத்துக்கொண்டார்.